தணிகாசலத்தின் சரண்டர் மதிப்பு

ஆதிமூலத்தின் பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது தணிகாசலம் ஒரு வைராக்கியம் எடுத்துக்கொண்டான். இனி தனக்குப் புரியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. புரியாத எதற்கும் பணம் கட்டுவதில்லை.

இரண்டாவது பாதி சுலபம். கட்டப் பணமே இல்லை. மில்லைக் கதவடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஆதிமூலமும் அவனும் ஒரே ஷிப்டு. பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரே பஞ்சுத் தூசியைப் பாதிப் பாதியாக மூச்சில் இழுத்தவர்கள். எண்பத்து மூணாம் வருஷத்து ஐப்பசி மழையில், ஒரு மத்தியான வேளையில், இருமிக்கொண்டே இருந்த ஆதிமூலம் இருமலை நிறுத்திவிட்டான். வயசு நாற்பத்தைந்து. தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு. வரிசைப்படி நான்தான் முந்திப் போயிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆனால் வைராக்கியத்துக்குக் காரணம் சாவு இல்லை. அதன் பிறகு கிருஷ்ணசாமி வாத்தியார் சொன்ன சேதி. வாத்தியாருக்குப் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம், சாயங்காலம் இன்சூரன்ஸ் ஏஜெண்டு வேலை. மூலக்குளம் ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் பாலிசி போட்டவர். காரியத்தன்று பந்தலுக்கு வந்தார். குடையை மடக்கிக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஆதிமூலத்தின் பெண்டாட்டி செல்வாம்பாளிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரெண்டு வருஷம்தான்மா கட்டியிருக்காரு. மூணு வருஷம் கட்டியிருந்தாலாவது ஏதோ கொஞ்சம் வரும். புரட்டாசித் தவணை கட்டல. முப்பது நாள் தவணை தாண்டி டயம் குடுப்பாங்க. அதுவும் போயிடுச்சு. பாலிசி லேப்ஸ்."

"லேப்ஸ்னா?"

"செத்துப்போச்சும்மா. அவருக்கு முன்னாடி பாலிசி செத்துப்போச்சு."

"எத்தினி நாள் முன்னாடி?"

"பதினோரு நாள்."

செல்வாம்பாள் அழவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "போறதுதான் போனாரு, ஒரு பன்னெண்டு நாள் முந்திப் போயிருக்கக் கூடாதாண்ணா?"

பந்தலில் அப்புறம் யாரும் பாயசம் கேட்கவில்லை.

தணிகாசலத்துக்கும் ஒரு பாலிசி இருந்தது. பதினாறு வருஷமாகக் கட்டுகிறான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. நாளைக்கு அஞ்சலாட்சியும் இப்படித்தான் ஒரு பந்தலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவாளா?

மறுநாளே வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டான். பதினைந்து நாள் விடாமல் போனான். வேலையில்லாத மனுஷனுக்குப் படிப்பதற்கு என்ன தடை? வாத்தியார் பழைய ஸ்லேட்டில் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிச் சொல்லிக்கொடுத்தார். தணிகாசலம் வீட்டுக்கு வந்து, அதே சூட்டோடு பெண்டாட்டிக்குப் பாடம் எடுத்தான்.

அஞ்சலாட்சி டவுனில் ஒரு சொல்தா வீட்டில் சமையல்காரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர் பென்ஷன் வாங்கிய வீடு. ஐயா போய்விட்டார், வயசான மதாம் மட்டும் இருந்தாள். ஏழு மாதமாக இந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த வீட்டு அடுப்பால்தான். சாயங்காலம் வந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பாடம் கேட்பாள்.

"எங்க மதாம் இதை அசுரான்ஸ்னு சொல்றாங்க."

"பேரு சரியாத்தான் வச்சிருக்கான். அசுரன்தான். பதினாறு வருஷமா வாயைத் தொறந்துகிட்டு நிக்கிறான்."

"பிரீமியம்னா என்னா?"

"நாம கட்டுறது."

"நாம கட்டுறதுன்னா அதுல ஏன்யா பிரீ வருது?"

"பேர்ல மட்டும்தான் பிரீ. அதான் அவன் சாமர்த்தியம்."

"போனஸ்?"

"வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே வருவான். செத்தா மொத்தமா குடுப்பான்."

"பரவாயில்லையே. மில்லுல உசுரோட இருக்கிறவனுக்கே ரெண்டு வருஷமா போனஸ் கெடையாது."

"நாமினின்னா, நான் போனப்புறம் பணம் வாங்கறவங்க."

"நாம இனி என்னா பண்றதுன்னு உக்காந்திருக்கிறவங்க. புரியுது."

இப்படி இருபது வார்த்தை. அஞ்சலாட்சி எல்லாவற்றையும் ஒருமுறைதான் கேட்பாள். ஒரு வார்த்தையை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

"ஸ்லேட்டுல சரண்டர்னு ஒண்ணு எழுதியிருந்துச்சுன்னு சொன்னியே. அது என்னா?"

"அதுவா? திருடன் கோர்ட்டுல போய் நிக்கிறது. அது நமக்கு வேணாம்."

அது தணிகாசலத்துக்கு ரொம்பவும் வேண்டியிருந்தது. அவன் தலையில் பதினைந்து நாளாக ஓடிக்கொண்டிருந்த ஒரே வார்த்தை அதுதான். வாத்தியாரிடம் அவன் கேட்டது இது:

"சார், பாலிசியை இப்பவே திருப்பிக் குடுத்துட்டா?"

"சரண்டர் மதிப்பு தருவாங்க. மூவாயிரத்து அறுநூறு தேறும்."

"நான் கட்டினது ஆறாயிரத்து ஐநூத்தி அறுபது ஆச்சே. மிச்சம்?"

"மிச்சம், பதினாறு வருஷமா நீ எப்ப சாவியோன்னு அவங்க பயந்துகிட்டு இருந்ததுக்குக் கூலி."

"செத்தா?"

"பத்தாயிரம். போனஸ் சேத்தா பதினாலுக்குப் பக்கம் வரும்."

அன்று தணிகாசலம் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். இருந்தால் மூவாயிரத்து அறுநூறு, போனால் பதினாலாயிரம். இந்த ஊரில் தன் உயிரைவிடத் தன் சாவுக்கு நாலு மடங்கு விலை. ஆதிமூலத்துக்கோ இரண்டுக்குமே விலை இல்லாமல் போயிற்று. மார்கழித் தவணை இருநூற்றைந்து ரூபாய் வேறு வந்துகொண்டிருந்தது. கட்டாவிட்டால் அசுரன் கோபித்துக்கொள்வான்.

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கிரி வந்தான். அதே மில், அதே கதவடைப்பு. ஆனால் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"சின்னக்கடைப் பக்கம் புதுசா ஒரு பைனான்ஸ் தொறந்திருக்காண்ணே. நூத்துக்கு மாசம் மூணு ரூபா. பணம் கட்டப் போனா உக்கார வச்சு கலர் ஒடைச்சுக் குடுக்கறாங்க. எம் பொண்டாட்டி சங்கிலியை வித்து நாலாயிரம் போட்டேன். மாசம் பொறந்தா நூத்தி இருவது. ராஜா மாதிரி போய் வாங்கியாறேன்."

மூவாயிரத்து அறுநூற்றுக்கு மாசம் நூற்றெட்டு. தணிகாசலத்துக்கு அந்த எண்ணே மங்களமாகத் தெரிந்தது. கோயிலில் நூற்றெட்டுத் தடவை அர்ச்சனை பண்ணினாலும் சாமி ஒன்றும் கொடுப்பதில்லை. இவன் மாதாமாதம் கொடுக்கிறான். தவணையும் கட்ட வேண்டாம், சாகவும் வேண்டாம்.

ஒரே சிக்கல், பத்திரம். பாலிசிப் பத்திரம் அஞ்சலாட்சியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சாவி அவள் இடுப்பில். விஷயத்தைச் சொன்னால் கொடுக்க மாட்டாள். ஆகவே தணிகாசலம் ஒரு பொய்யைத் தேடினான். தேடப் போனால் அதைவிட நல்லதாக ஓர் உண்மையே கிடைத்தது. பாலிசி போட்டது கல்யாணத்துக்கு முன்னால். அதில் நாமினி அவனுடைய அம்மா ஆயம்மா. அவள் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அன்று சாயங்காலம் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டான்.

"அஞ்சலை, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் எங்க அம்மா பேருக்குத்தான் போவுமாம். நீ நடுத்தெருவுல நிப்பே. பத்திரத்தைக் குடு. உம் பேருக்கு மாத்திட்டு வந்துடறேன்."

அஞ்சலாட்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எம் பேருக்கா?"

"வேற யாரு பேருக்கு?"

"நீ ஏன்யா அலையறே? மழையா வேற இருக்குது. வாத்தியாரண்ணனை நாளைக்கு வீட்டுக்கே வரச் சொல்றேன்."

தணிகாசலத்துக்கு இது பிடிக்கவில்லைதான். ஆனால் மறுத்தால் சந்தேகம் வரும். நாமினி மாறி வந்தபின் பத்திரம் எப்படியும் கைக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் வாத்தியார் வந்தார். அஞ்சலாட்சி டவுனிலிருந்து காப்பித்தூள் வாங்கி வந்து காப்பி போட்டிருந்தாள். ஏழு மாதத்தில் அந்த வீட்டில் முதல் காப்பி. சாட்சிக்குச் செல்வாம்பாளும் வந்து நிலைப்படி ஓரம் நின்றாள். வாத்தியார் பத்திரத்தைத் திருப்பி, அதன் முதுகில் அழகான கையெழுத்தில் எதையோ எழுதினார். எழுதியதை முழுக்க இங்கிலீஷில் படித்தார். நடுவில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது அசைன்மெண்ட். என்னா ஏதுன்னு உனக்குப் புரிஞ்சுதா தணிகாசலம்? இல்ல, தமிழ்ல ஒருவாட்டி..."

"அவருக்கா புரியாது?" என்றாள் அஞ்சலாட்சி. "பதினைஞ்சு நாளா அதே படிப்புதானே அண்ணா. எனக்கே அவருதான் பாடம் எடுத்தாரு."

செல்வாம்பாள் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அசைன்மெண்ட் புரியாமலா? மில்லுல மேஸ்திரி தெனம் ஷிப்டுக்கு ரெண்டு குடுப்பாரே." மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் எடுத்த வைராக்கியத்துக்கு அன்றோடு வயசு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மார்கழி வந்தது. தவணையைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. ஒருநாள் அவள் குனிந்து அடுப்பு ஊதும்போதுதான் பார்த்தான். காதில் தோடு இல்லை. தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி சொருகியிருந்தாள்.

"தோடு எங்க?"

"காது வலி."

"ரெண்டு காதுமா?"

"ஆமா. ரெண்டும் சேந்துதான் கேக்குது."

அவனுக்குப் புரிந்தது. தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டியிருக்கிறாள். அன்று பாதிச் சோற்றிலேயே கை கழுவினான். ஆனால் அந்த உறுத்தலுக்கும் அவன் ஒரு மருந்து வைத்திருந்தான். பைனான்ஸில் பணம் போட்டதும் முதல் இரண்டு மாச வட்டியில் தோட்டை மீட்டுக் கொடுத்துவிடுவது. நல்லது செய்யப் போகிறவன் கொஞ்சம் திருட்டுத்தனம் செய்தால் தப்பில்லை.

பொங்கல் கழிந்து, இன்சூரன்ஸ் ஆபீஸில் பதிவாகிப் பத்திரம் வீட்டுக்கு வந்தது. கேட்டதும் மறுபேச்சில்லாமல் அஞ்சலாட்சி பெட்டியைத் திறந்து கொடுத்தாள். அதில் அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு சைக்கிளில் டவுனுக்குப் பறந்தான்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பத்திரத்தை வாங்கினாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள்.

"சரண்டர் பண்றதுக்கு வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"இது உங்க பாலிசி இல்லீங்களே."

"என்னாம்மா சொல்றீங்க? முன்னாடி எம் பேரு போட்டிருக்கு பாருங்க!"

"பின்னாடி அஞ்சலாட்சின்னு போட்டிருக்கு பாருங்க. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. 'அன்பினாலும் பாசத்தினாலும் இந்தப் பாலிசியின் முழு உரிமையையும் என் மனைவிக்கு மாற்றித் தருகிறேன்.' இது உங்க கையெழுத்துதானே?"

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அன்பு என்ற வார்த்தையை அவன் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. முதல் தடவை சொன்னது இங்கிலீஷில், அதுவும் சாட்சி வைத்து.

"நாமினி மாத்தறதுன்னுதாம்மா நெனைச்சேன்."

"நாமினின்னா நீங்க போனப்புறம் அவங்க வாங்கிக்கலாம். அசைன்மெண்ட்னா இப்பவே அவங்களுது. சரண்டர் பண்ணணும்னா அவங்கதான் பண்ணணும். லோன் வாங்கணும்னா அவங்கதான் வாங்கணும்."

"அப்ப இதுல எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

அந்த அம்மாளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மறுபடி பத்திரத்தை முழுக்கப் பார்த்தாள்.

"இருக்குங்க. உசுரு உங்களுது. அதை மட்டும் மாத்த முடியாது."

சைக்கிள் பஞ்சர் இல்லை. ஆனாலும் தள்ளிக்கொண்டே வந்தான்.

வீட்டில் அஞ்சலாட்சி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் பத்திரத்தை அவள் பக்கத்தில் வீசினான்.

"ஏமாத்திட்டே இல்ல?"

"நானா? வாத்தியாரு முழுசா படிச்சாரு. தமிழ்ல சொல்லட்டுமான்னு கேட்டாரு. நீதான் வேணாம்னே."

"உனக்கு எப்படித் தெரியும், நான் சரண்டர் பண்ணப் போறேன்னு?"

"இருவது வார்த்தை வெளக்கமா சொல்லிக்குடுத்தே. ஒண்ணை மட்டும் முழுங்கினே. முழுங்கின வார்த்தையிலதான் விஷயம் இருக்குதுன்னு வாத்தியாருகிட்ட நேரா போய்க் கேட்டேன். எம் பேருக்கு எழுதி வாங்கற வழியையும் அவருதான் சொன்னாரு. பக்கிரி பொண்டாட்டி கழுத்து வேற மொட்டையா இருந்துச்சு. மாசம் மூணுன்னா வருஷத்துக்கு முப்பத்தாறு. முப்பத்தாறு குடுக்கறவன் முப்பத்தாறுக்கு மேல எங்கயாவது சம்பாதிக்கணும். நம்ம ஊர்ல எவன்யா அப்படி சம்பாதிக்கறான்?"

தணிகாசலம் பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தான். பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்போதாவது அவளுக்கு உறைக்கட்டும். நாலாம் நாள் அஞ்சலாட்சி செல்வாம்பாளிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "வூட்டுல என்னமோ கொறையுதேன்னு பாத்தேன். இவுரு பேசறதில்ல போலிருக்கு."

மாசி பிறந்த அன்று பேசாத வாயோடு சின்னக்கடைப் பக்கம் போனான். பைனான்ஸ் வாசலில் கூட்டம். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டின் மேல் யாரோ கல்லால் அடித்த தழும்பு. ஒரு கிழவர் கலர் பாட்டில் மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, யாரிடமோ, "நல்ல மனுஷங்கதாம்பா, எனக்கு ரெண்டு வாட்டி குடிக்கக் குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கிரி நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாலாயிரம்ணே. வட்டி ரெண்டு மாசம்தான் வாங்கினேன். அவகிட்ட போய் என்னா சொல்லுவேன்? சொல்லுண்ணே, என்னா சொல்லுவேன்?"

தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்தான். பக்கிரியின் முதுகில் கை வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தான். போலீஸ்காரர் வந்து எல்லோரையும் கலைந்து போகச் சொன்னார். பக்கிரியைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, அவன் வீடுவரை கொண்டுபோய் விட்டான். உள்ளே இருந்து ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

வீடு திரும்பும்போது தணிகாசலம் அழுதான். யாரும் பார்க்கவில்லை. வில்லியனூர் ரோட்டில் சைக்கிளில் போகிறவன் கண்ணில் தூசி விழாமல் இருக்குமா?

வாசலில் ஒரு மூன்று சக்கரத் தள்ளுவண்டி நின்றிருந்தது. அதிலிருந்து இரண்டு ஆள் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய கல் உருளையும் மோட்டாரும் வைத்த மாவரைக்கும் கிரைண்டர். அஞ்சலாட்சி, "மெதுவா, மெதுவா" என்று அதற்கு மட்டும் கைத்தாங்கல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அப்படி ஒருநாளும் கொடுத்ததில்லை.

"என்னா அஞ்சலை இது?"

"பேசிட்டியா? பாலிசி மேல லோன் வாங்கினேன். ரெண்டாயிரத்து ஐநூறு. வட்டி வருஷத்துக்கே பத்துக்குள்ளதான். பாலிசியும் அப்படியே இருக்கும். ஊர்ல யாருகிட்டயும் கிரைண்டர் இல்ல. அரிசி ஊற வச்சுக் கொண்டாந்தா படிக் கணக்குல ஆட்டிக் குடுக்கறது. ரெண்டு இட்லிக்கடைக்கு மாவும் பேசிட்டேன். செல்வாம்பா பாத்துக்கும். அதுக்கும் ஒரு பொழப்பு வேணும் இல்ல?"

உள்ளே செல்வாம்பாள் ஏற்கெனவே முந்தானையைச் செருகிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

தணிகாசலத்துக்கு நெஞ்சு இளகியது. சின்னக்கடையில் பார்த்ததைச் சொன்னான். பக்கிரி வீட்டு அழுகையைச் சொன்னான். அஞ்சலாட்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை.

"நீ செஞ்சதுதான் சரி அஞ்சலை," என்றான் கடைசியில். "மில்லு தொறக்கற வரைக்கும் நானும் கூட நின்னு ஆட்டித் தர்றேன். பத்தொன்பது வருஷம் மிஷினோட குடும்பம் நடத்தினவன். என்னா, நாள் கூலி ஏதாவது போட்டுக் குடு. பீடிச் செலவுக்கு உங்கிட்ட கை நீட்டாம இருப்பேன்."

அஞ்சலாட்சி யோசித்தாள். முதலாளிகள் யோசிப்பது போலவே யோசித்தாள்.

"செல்வாம்பா பெர்மனெண்டு. நீ பதிலி."

மில்லில் பதிலி ஆள் என்றால் யார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினம் காலையில் கேட்டில் வந்து நிற்பான். யாராவது லீவு போட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லையென்றால் வந்த வழியே போக வேண்டியதுதான். அவனே சின்ன வயசில் மூன்று வருஷம் அப்படி நின்றிருக்கிறான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தணிகாசலம் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, தன் வீட்டு வாசலில் போய் நின்றான். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறரைக்கு அஞ்சலாட்சி கையெல்லாம் மாவோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஆள் வேணாம்யா. நாளைக்கு வந்து பாரு."